சிவந்துபோன மஞ்சள் நட்சத்திரம்

செம்மண்விளையில் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் தட்டு மாற்றுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரியும் தான் செய்த பலகாரத்தைத் தட்டில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி, கோயில் முற்றத்தில் விரித்திருக்கும் பாயில் கொண்டு வைக்க வேண்டும். உபதேசியார் யேசுரத்தினம் ஜெபம் சொல்லி முடித்ததும் ஒரு வீட்டுத் தட்டை இன்னொரு வீடு எடுத்துக்கொள்ளும். முந்திரிக்கொத்து கொண்டு வந்தவள் அச்சுமுறுக்கோடு போவாள். அதிரசத்தை எடுத்துப் போனவள், "எவ சுட்டாளோ, பல்லு போச்சு" என்று அடுத்த வருஷம் வரைக்கும் சொல்லித் திரிவாள்.

தட்டைச் சுமப்பது வீட்டுப் பிள்ளைகள். அப்படி யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. ஆனாலும் எந்தப் பிள்ளை எந்தத் தட்டைச் சுமந்து வருகிறதோ அது அந்த வீட்டுப் பிள்ளை என்று ஊர் பார்த்துக்கொள்ளும். பிள்ளையில்லாதவள் தன் தட்டைத் தானே இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வேலியோரமாக, கடைசியில் வருவாள்.

செல்லபாய்க்குப் பிள்ளை உண்டு. ஜெயபாய் என்று பெயர், பன்னிரண்டு வயது. ஆனால் விவரம் தெரிந்த நாள் முதல் அந்தப் பிள்ளை சுமந்தது பெரியம்மை அன்னக்கிளியின் தட்டைத்தான்.

புருஷன் ஜான்ரோஸ் காய்ச்சலில் போனபோது ஜெயபாய் பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. செல்லபாய் பிள்ளையைப் பிள்ளையில்லாத அக்கா அன்னக்கிளியிடம் விட்டுவிட்டு, தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகும் கங்காணியின் கூட்டத்தோடு தூத்துக்குடியில் கப்பல் ஏறி இலங்கைக்குப் போனாள். இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்றுதான் சொன்னாள். கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை வீட்டில் அடுப்படி வேலை கிடைத்தது. அப்புறம் இரண்டு வருஷம் என்பது வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் தேயிலை விலை விழுந்து, துரை பங்களாவைப் பூட்டிவிட்டுச் சீமைக்குப் போனபோது, அந்த முப்பத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி மழையில், ஒரு தகரப்பெட்டியோடு செம்மண்விளைக்கு வந்து சேர்ந்தாள்.

அக்கா வீட்டு வாசலில் நின்ற பிள்ளை அவளை மேலும் கீழும் பார்த்தது.

"அம்மா, ஆரோ வந்திருக்கு."

அன்னக்கிளி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு, பிள்ளையின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"சித்திட்டி இது. கொழும்புச் சித்தி. கும்பிடு."

செல்லபாய் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அன்னக்கிளி வேறெங்கோ பார்த்தாள். பிள்ளை கும்பிட்டது. அன்று முதல் செல்லபாய் தன் வயிற்றில் பிறந்தவளுக்குச் சித்தி.

யாரும் பிள்ளையிடம் எதையும் மறைக்கவில்லை. பெற்றவள் யார் என்று ஊருக்கும் தெரியும், ஜெயபாய்க்கும் தெரியும். தெரிந்தே கூப்பிட்டாள். அதுதான் செல்லபாய்க்குத் தாங்க முடியாமல் இருந்தது. தெரியாமல் கூப்பிட்டால் ஒருநாள் சொல்லிவிடலாம். தெரிந்துகொண்டு கூப்பிடுகிறவளிடம் என்ன சொல்வது?

ஜான்ரோஸின் பழைய ஓலை வீட்டைச் செப்பனிட்டு அவள் தனியாக இருந்தாள். அக்கா வீட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு வாழைத்தோப்புதான். பிள்ளை வருவாள், நிற்பாள், "அம்மா கறி தந்து விட்டா" என்று சட்டியை வைத்துவிட்டு ஓடிவிடுவாள். 'உட்காரு மக்கா' என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பாவாடை நுனி தோப்பில் மறைந்துவிடும்.

கார்த்திகை கடைசியில் உபதேசியார் மனைவி தட்டு மாற்றும் நாளைச் சொல்லிப் போனாள். செல்லபாய்க்கு அன்றிலிருந்து அந்த எண்ணம்தான். அடித்துக் கேட்டு, அழுது கேட்டு வாங்குகிற பிள்ளை தனக்கு வேண்டாம். அவளாக வந்து, ஒரே ஒருநாள், இந்த வீட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் பார்க்க நடந்தால் போதும்.

துரை வீட்டில் டிசம்பர் மாதம் முழுக்க பிஸ்கோத்து வாசனைதான். நட்சத்திரம், மணி, மீன் என்று தகர அச்சில் வெட்டி, சின்னச் சின்னக் குப்பிகளிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டு, பச்சை, மஞ்சள், ரோஜா நிறத்தில் சுட்டு எடுப்பார்கள். அந்தத் துரைசாணி பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணிகளோடு மாற்றிக்கொள்வாள். மாவு பிசைந்தது செல்லபாய். போகும்போது துரைசாணி குப்பிகளைக் கொடுக்கவில்லை. தேய்ந்த அச்சுகளை மட்டும் கொடுத்தாள்.

செம்மண்விளை முந்திரிக்கொத்தைக் கண்டிருக்கிறது. நிறம் நிறமான பிஸ்கோத்தைக் கண்டதில்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு நட்சத்திரத்தைக் காட்டினால் வராமலா போகும்?

வந்தாள். கறிச்சட்டியை வைக்க வந்தவள், படியில் காயவைத்திருந்த அச்சுகளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இது என்னத்துக்கு, சித்தி?"

"பிஸ்கோத்து வெட்டுகதுக்கு."

"கடையில உள்ளது மாதிரியா?"

"கடையில உள்ளது ஒரே நெறம். இது நாலு நெறம்."

"நெறத்துக்கு எங்க போவிய?"

"அதுக்குத்தான் ஆளு தேடுகேன். பசலைப்பழம் பறிக்கணும், சங்குப்பூ பறிக்கணும். எனக்கு முதுகு வளையாது."

முதுகு நன்றாகத்தான் வளையும். ஜெயபாய் அச்சைக் கண்ணுக்கு நேரே பிடித்து, நட்சத்திர ஓட்டை வழியாகச் சித்தியைப் பார்த்தாள். "நான் பறிச்சுத் தாறேன்" என்றாள்.

கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது மத்தியானம் சுட்டார்கள். கோட்டாற்றிலிருந்து வாங்கி வந்த அமெரிக்கன் மாவில் நெய்யும் சீனியும் முட்டையும் சேர்த்து, நாலு உருண்டையாகப் பிரித்து, ஒன்றில் பசலைப்பழச் சாறு, ஒன்றில் சங்குப்பூத் தண்ணீர், ஒன்றில் அரைத்த மஞ்சள். ஒன்றை வெள்ளையாகவே விட்டாள். துரை வீட்டில் மாவு பொங்குவதற்கு டப்பாவில் ஒரு பொடி இருக்கும். இங்கே அது இல்லை. ஆப்பத்துக்குப் போடுகிற சோடாவை, பொங்காமல் போய்விடக் கூடாதே என்று, கை நிறையவே போட்டாள். சாயம் விட்ட உருண்டைகளில் இன்னும் ஒரு சிட்டிகை.

வெண்கல உருளியில் மணல் பரப்பி அடுப்பில் ஏற்றி, அதன்மேல் பிஸ்கோத்துத் தட்டை வைத்து, மண்மூடியால் மூடி, மூடியின்மேல் சிரட்டைக் கனலை அள்ளிக் கொட்டினாள். ஜெயபாய் குத்தவைத்துக்கொண்டு மூடியையே பார்த்தாள். அடுப்பு வெக்கையில் அவள் நெற்றி மயிர் ஒட்டியிருந்தது. ஜான்ரோஸுக்கும் அப்படித்தான் ஒட்டும்.

செல்லபாய் மூடியைத் திறந்தபோது பசலைப்பழம் சேற்று நிறமாகியிருந்தது. சங்குப்பூ நீலம் பாசி படிந்த மாதிரி. மஞ்சள் உருண்டையிலிருந்து வெட்டின நட்சத்திரங்கள் செங்கல்லைப் போலச் சிவந்து கிடந்தன.

"மஞ்சளு செவப்பாட்டு வந்திருக்கு!" ஜெயபாய் கைகொட்டிச் சிரித்தாள். "நீங்க என்ன வித்தை பண்ணுனிய, சித்தி?"

"நான் ஒண்ணும் பண்ணல்ல மக்கா. அதுவா செவந்துபோச்சு."

"நல்லா இருக்கு. இதத்தான் நடுவுல வைக்கணும்." சூடாறும் முன்பே ஒன்றை எடுத்துக் கடித்தாள். வாயைத் திறந்து ஊதி ஊதித் தின்றாள். கொஞ்சம் கசந்திருக்க வேண்டும், சோடாவுக்கு. சொல்லவில்லை. தின்று முடித்து, மணல் ஒட்டின விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்:

"நான் சின்னதாட்டு இருக்கும்போ ஆருகூட படுத்துக்கிடப்பேன்?"

"எங்கூடத்தான். என் வயித்துல காலப் போட்டுட்டு."

பிள்ளை போகும்போது வாசலில் திரும்பி நின்று, "நாளைக்கழிஞ்சு தட்ட நான் தூக்கட்டா? அம்மாக்க தட்ட சித்தப்பா தூக்குவாரு" என்றாள். சித்தப்பா என்றது அன்னக்கிளியின் கொழுந்தன் தங்கையனை.

செல்லபாய் தலையை மட்டும் ஆட்டினாள். நல்ல மாவு தீர்ந்துவிட்டது, மறுபடி சுட வழியில்லை. வெள்ளை நட்சத்திரங்களை ஓரத்தில் சுற்றி அடுக்கி, பிள்ளை சொன்னபடியே சிவப்பை நடுவில் வைத்தாள். சேற்று நிறமும் பாசி நிறமும் பெட்டிக்குள் போயின.

மறுநாள் இல்லை, அதற்கு அடுத்த நாள் சாயங்காலம். ஜெயபாய் எண்ணெய் தேய்த்து வாரி, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். செல்லபாய் பின்னால் நடந்தாள். வேலிக்கு மேலே தலைகள் எட்டிப் பார்த்தன. "கொழும்புக்காரிக்கும் ஆளு கெடச்சாச்சு போலுக்கு" என்று ஒரு குரல் கேட்டது. அவள் தலையைக் குனியவில்லை. அந்தக் கொஞ்ச தூரத்தைப் பின்னாளில் எத்தனையோ தடவை மனசுக்குள் நடந்து பார்த்திருக்கிறாள்.

ஜெபம் முடிந்து துணிகளை எடுத்தார்கள். எப்போதும் வாயாடும் பூங்கனிதான் முதலில் பார்த்தாள்.

"ஏட்டி செல்லபாய், இது என்ன, குருதியில முக்கி எடுத்தியா?"

பெண்கள் சிரித்தார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் தண்ணீரில் கலந்தால் வருகிற சிவப்புக்கு அந்தப் பக்கத்தில் குருதி என்று பெயர். மந்திரவாதிகள் களம் வரைந்து கலக்கிக் கவிழ்ப்பது அதைத்தான்.

"மஞ்சளு போட்டேன், செவந்துபோச்சு" என்றாள் செல்லபாய், தானும் சிரித்துக்கொண்டு.

மஞ்சள் என்ற சொல்லைக் கேட்டதும் அன்னக்கிளியின் சிரிப்பு நின்றது. அவள் தட்டையும் பார்த்தாள், பிள்ளையையும் பார்த்தாள். இரண்டு நாளாகப் பிள்ளை ஒரு மாதிரி இருந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டு சித்தி சித்தி என்று பேசினாள். நேற்று, "ஒருநாள் சித்தி வீட்டுல படுத்துட்டு வரட்டா" என்று கேட்டாள். பத்து வருஷமாகத் தன் வயிற்றோடு ஒட்டிக் கிடந்த பிள்ளை.

"மக்கா, நீ இதத் தின்னியா?"

"ஒண்ணு தின்னேன், அம்மா. செவப்பு."

"ஐயோ எங் கர்த்தாவே" என்று அன்னக்கிளி மார்பில் கைவைத்தாள். "கைவிஷம் வச்சிருக்கா!"

சிரிப்பு அடங்கிவிட்டது. தின்பதில் மந்திரம் வைத்துக் கொடுத்தால் தின்றவர் மனசு கொடுத்தவர் பக்கம் சாய்ந்துவிடும், அதுதான் கைவிஷம்; வாந்தி எடுக்க வைத்துத்தான் அதை இறக்க வேண்டும் என்பார்கள். அப்படியொன்று இல்லவே இல்லை என்று உபதேசியார் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரசங்கம் பண்ணுவார். பெண்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய், பிடிக்காதவள் கொடுத்த மோரை வாழை மூட்டில் ஊற்றுவார்கள்.

"எக்கா, கூடப் பொறந்தவ நீ சொல்லப்பட்ட பேச்சா இது?" செல்லபாய் குனிந்து ஒரு சிவப்பு நட்சத்திரத்தை எடுத்து எல்லாரும் பார்க்கக் கடித்தாள். இன்னொன்றையும் எடுத்து வாயில் திணித்தாள். "பாரு. பாருங்க எல்லாரும். நான் தின்னுகேன்லா?"

பூங்கனி மெதுவாகச் சொன்னாள். "வச்சவளுக்கு ஏறாதுட்டி."

உபதேசியார் கையை உயர்த்தி, இது சபை, இது அவிசுவாசம் என்று ஏதோ சொன்னார். யாரும் சண்டை போடவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து ஒவ்வொரு தட்டை எடுத்தாள். நடுவில் சிவந்த தட்டு ஒன்று மட்டும் பாயில் மிஞ்சியது. செல்லபாய் அதை எடுத்துத் துணியால் மூடினாள். ஜெயபாய் பெரியம்மையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தன் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காலையில் பண்டிகை ஆராதனைக்குப் பிள்ளை வரவில்லை. அன்னக்கிளியும் வரவில்லை. செல்லபாய் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஆள் இடம் காலியாகக் கிடந்தது. ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும் முன்பே எழுந்து போனாள்.

தோப்பைக் கடக்கும்போதே ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது.

அடுப்படி முற்றத்தில் ஜெயபாய் சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றாள். பண்டிகைக்குத் தைத்த புதுச்சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அன்னக்கிளி ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கி, மறுகையில் உப்புத்தண்ணீர்ச் செம்போடு நின்றாள். அவள் கண்ணும் வீங்கியிருந்தது. கீழே மஞ்சள் நுரையாக வெறும் பித்தம்தான் கிடந்தது.

"எக்கா, பிள்ளைய விடு. செத்துப்போயிருவா."

"நீ வராத இஞ்ச. விடியக்காலம் முதல் உப்புத்தண்ணி குடுக்கேன், வச்சது எறங்க மாட்டேங்குது. அப்பிடி என்னத்தட்டி வச்ச?"

"ஒண்ணும் வைக்கல்ல. சோடாதான். ஆப்பச்சோடா. நில்லு, காட்டுகேன்." செல்லபாய் அக்காவின் அடுப்படிக்குள் ஓடினாள். மஞ்சள்பொடியை உள்ளங்கையில் கொட்டி, சோடாவைத் தூவி, தண்ணீர் விட்டுக் குழைத்தாள். கை சிவந்தது. வெளியே ஓடி வந்து நீட்டினாள். "பாத்தியா? மந்திரம் உண்டா இதுல?"

அன்னக்கிளி அந்தக் கையைப் பார்த்துப் பின்வாங்கினாள்.

"அதத்தானே நானும் சொல்லுகேன். உனக்குப் பண்ணத் தெரிஞ்சிருக்கே."

செல்லபாய் நீட்டின கையோடு நின்றாள்.

ஜெயபாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. சித்தியை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இருந்தது; பயம் மட்டும் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"அம்மா," என்றாள் பெரியம்மையிடம், விக்கி விக்கி. "இன்னும் எறங்கல்ல அம்மா. சித்தியக் கண்டா எனக்கு இப்பவும் கிட்டப் போணும் போல வருகு."

அன்னக்கிளி அழுதுகொண்டே செம்பில் மறுபடி தண்ணீர் மொண்டாள்.

இதைக் கேட்கத்தான் செல்லபாய் கடல் தாண்டி வந்தாள். இதற்காகத்தான் மாவு பிசைந்தாள், பொய் சொல்லிப் பூப்பறிக்க வைத்தாள். கேட்டாயிற்று. அந்த ஆசையை வெளியே எடுக்கத்தான் செம்பு நிறைகிறது. அது இறங்குகிற வரைக்கும் நிறைந்துகொண்டே இருக்கும். அது இறங்குகிற சாமானும் இல்லை.

"எக்கா, செம்பக் கீழ வை" என்றாள். "நான் வச்சது உப்புத்தண்ணிக்கு எறங்காது."

அன்னக்கிளி நிமிர்ந்தாள்.

"வச்சியா?"

"வச்சேன்."

"எங்கேருந்துட்டி?"

"கண்டியில ஒருத்தன் தந்தான். மாத்தும் எனக்குத் தெரியும். வச்ச கையாலதான் எடுக்கணும். பானையில பழைய சோறு இருக்கா?"

அக்கா உள்ளே போய், ஒரு சட்டியில் நீராகாரமும் சோறுமாகக் கொண்டு வந்து, கையில் கொடுக்காமல் தரையில் வைத்துத் தள்ளினாள். செல்லபாய் கையைக் கழுவினாள். சிவப்பு முழுக்கப் போகவில்லை. பிள்ளைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோற்றைக் குழைய மசித்து, முதல் வாய் எடுத்தாள். மந்திரம் சொல்கிற மாதிரி உதட்டை அசைக்க வேண்டுமே என்று அசைத்தாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

"வாயத் தொற மக்கா."

ஜெயபாய் வாயைத் திறந்தாள்.

பால்குடி மறந்த புதிதில் இதே மாதிரி மசித்துத்தான் ஊட்டினாள். அப்போது வாயில் வாங்கினதைத் துப்பித் துப்பி விளையாடும். இப்போது ஒரு பருக்கை சிந்தாமல் விழுங்கினாள். பசி. இரண்டாவது வாய். மூன்றாவது. நிறம் கொஞ்சம் கொஞ்சமாக உதட்டுக்குத் திரும்பியது. செல்லபாய் அவசரப்படவில்லை. சட்டி காலியாகும் வரை ஊட்டினாள். கடைசியில் இருந்த நீரையும் சாய்த்துக் குடிக்கக் கொடுத்து, பிள்ளையின் கடைவாயைத் தன் பெருவிரலால் துடைத்தாள்.

"தீந்துபோச்சு. எல்லாம் எடுத்தாச்சு. இனி என்னைக் கண்டா உனக்கு ஒண்ணும் தோணாது."

பிள்ளை அவளையே உற்றுப் பார்த்தது. உள்ளே ஏதோ தேடுகிற மாதிரி, சொன்னது சரியா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு பெரியம்மை பக்கம் திரும்பினாள். முகம் தெளிந்திருந்தது.

"ஒண்ணும் தோணல்ல, அம்மா" என்றாள்.

அன்னக்கிளி பிள்ளையை வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டு கதறினாள். செல்லபாய் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வாழைத்தோப்பில் பின்னால் காலடி கேட்டது. அக்கா.

"செல்லம், நெசத்தச் சொல்லு. உள்ளதா வச்சியா?"

"அவளுக்கு இனி உப்புத்தண்ணி குடுப்பியா?"

"குடுக்க மாட்டேன்."

"அப்போ வச்சேன்."

அன்னக்கிளி தோப்பு நடுவில் நின்றுவிட்டாள். அவளுக்கும் அப்போது ஏதோ புரிந்திருக்கலாம். புரிந்ததை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய முடியும்? பிள்ளை வீட்டுக்குள்ளிருந்து அம்மா என்று கூப்பிட்டது, போய்விட்டாள்.

மந்திரம் வைத்ததைத் தன் வாயால் ஒப்புக்கொண்டவள் என்று சபையில் செல்லபாயைத் திருவிருந்துப் பந்தியிலிருந்து விலக்கினார்கள். உபதேசியார் தனியாக வந்து, அப்படி ஒன்று இல்லை என்று எனக்குத் தெரியும், நீ ஏன் சொன்னாய், சபையில் எழுந்து மறுத்துவிடு என்று கெஞ்சினார். மறுத்தால் மறுபடி செம்பு நிறையும். அவள் மறுக்கவில்லை. இலங்கைக்குத் திரும்பிப் போகவும் இல்லை. அங்கே இப்போது ஆள் எடுப்பதில்லை. அந்த ஓலை வீட்டிலேயே கயிறு திரித்துக்கொண்டு இருந்தாள்.

ஜெயபாய் வழியில் கண்டால் இப்போது ஓடுவதில்லை. "சித்தி, சொகமா?" என்று நின்று கேட்டுவிட்டுப் போவாள். பயம் துளியும் இல்லை. வேறு எதுவும் இல்லை.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் தட்டுகள் அந்த வீட்டு வாசல் வழியாகத்தான் கோயிலுக்குப் போகும். செல்லபாய் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, திரித்த கயிறைக் கையில் பிடித்தபடி நிற்பாள். அன்னக்கிளி வீட்டுத் தட்டு வரும். வருஷத்துக்கு வருஷம் அதைச் சுமக்கிறவள் உயர்ந்துகொண்டே வந்தாள். கடைசியாகச் சுமந்த வருஷம், கல்யாணம் நிச்சயமாகி, காதில் புதுக் கம்மல் ஆட, நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். தட்டு மூடியிருந்தது. முந்திரிக்கொத்தாகத்தான் இருக்கும்.